சத்திரத்துச் சுவரின் மேல் ஒரு பழி

பாழடைந்த சுவரைப் பார்த்தபடி ஓர் ஆள் தனியாக நின்றால் எங்கள் ஊரில் யாரும் உற்றுக் கவனிப்பதில்லை. அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவோம். அன்று அப்படி நின்றது ஒரு பெண். மருந்துப் பெட்டி தொங்கிய ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, வாய்க்கால் மதகின் மேல் ஏறி நின்றிருந்தார். நான் பதறிப்போய், தலையைக் குனிந்துகொண்டு, பைக்கை மெதுவாக்கி இரண்டு தடவை இருமினேன்.

"எதுக்கு இருமுறீங்க? போட்டோ எடுக்குறேன். நீங்க சத்தம் போட்டா செவுரு ஒண்ணும் ஓடிப்போயிடாது" என்றார், திரும்பிப் பார்க்காமலே.

எங்கள் துணை சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வந்திருந்த செவிலியர் அவர்தான். அவர் பெயர் நிலையத்துப் பலகையில் எழுதியிருந்தது. ஆனால் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஊருக்கு அவர் நர்ஸம்மா. நான் ஊராட்சி செயலர், ஆனால் என்னையும் யாரும் அப்படிச் சொல்வதில்லை, கிளார்க் என்றுதான் சொல்வார்கள். அவர் அதோடு ஒரு 'சார்' சேர்த்துக்கொள்வார். அந்த 'சார்' மரியாதையா கிண்டலா என்று ஆறு வருடத்தில் எனக்குப் பிடிபடவில்லை.

வலங்கைமானிலிருந்து எங்கள் ஊருக்குள் திரும்பியதும் முதலில் கண்ணில் படுவது அந்தச் சத்திரம்தான். ராமேஸ்வரம் போகிறவர்கள் தங்கிப் போன இடம் என்பார்கள். கூரை போய், தூண் போய், கதவு நிலையும் போய், வாய்க்காலைப் பார்த்த மேற்குச் சுவர் மட்டும் மிச்சம். அறுபது அடி நீளம், இரண்டு ஆள் உயரம். காரை பெயர்ந்து மெல்லிசான பழைய செங்கல் தெரியும். நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல். உருப்படாத பிள்ளையைத் திட்ட வேண்டுமென்றால் அந்தச் சுவரைக் காட்டித்தான் திட்டுவோம்.

நர்ஸம்மா அதைப் போனில் எடுத்தார். அதை மட்டுமல்ல. வீடுவீடாகக் கர்ப்பிணிகளைப் பார்க்கப் போகிற வழியில் இடிந்த மாட்டுக்கொட்டகை, கைவிட்ட அரிசி மில், பாகப்பிரிவினையில் பாதி இடித்துப் பாதி விட்ட வீடு என்று எங்கே மொட்டைச் சுவர் நின்றாலும் ஸ்கூட்டர் நிற்கும். போனின் ஒரு மூலை உடைந்திருக்கும். முந்தானையால் லென்ஸைத் துடைப்பார். ஒரு படத்துக்கு அரைமணி நேரம் நிற்பார். வெயில் இன்னும் கொஞ்சம் சாயட்டும் என்பார். இரத்தசோகைக்கு மாத்திரை வாங்க வந்தவர்கள் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் காத்திருப்பார்கள்.

சுவருக்கு முன்னால் ஆள் நின்றால் அவருக்கு ஆகாது. நிச்சயம் முடிந்த ஒரு ஜோடி, நர்ஸம்மா நன்றாக எடுப்பார் என்று கேள்விப்பட்டு, மெனக்கெட்டு உடுத்திக்கொண்டு வந்து சத்திரத்துச் சுவரோரம் சாய்ந்து நின்றது. "கல்யாணத்துக்கு என் வாழ்த்து. கொஞ்சம் நகருங்க, மறைக்குது" என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண்ணின் அம்மா மூன்று மாதம் அவரோடு பேசவில்லை. அவரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

இன்னொரு தடவை, சத்திரத்துக்கு எதிரே குடியிருந்த ஒரு பெண், பாவம், நல்ல மனதோடுதான் செய்தாள். நர்ஸம்மா படம் எடுக்கிறாரே, இப்படி அசிங்கமாக இருக்கிறதே என்று, சுவரில் தட்டியிருந்த வறட்டிகளையெல்லாம் பெயர்த்து, தென்னந்துடைப்பத்தால் தேய்த்துக் கழுவிவிட்டு, வாசலில் நின்று சிரித்தாள். நர்ஸம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. வறட்டியில் பதிந்த ஐந்து விரலும், வறட்டி விழுந்த இடத்தில் நிற்கிற வட்டங்களும்தான் அவர் எடுக்க வந்தது.

"யாரு உங்கள கழுவச் சொன்னது?"

"படம் எடுக்குறீங்களேன்னு..."

"இது நிக்கிற மாதிரி நிக்கட்டும். அழகு பண்ண நீங்க யாரு, நான் யாரு? நாளைக்கே திரும்பத் தட்டுங்க."

அவள் திரும்பத் தட்டினாள். ஆனால் பார்த்துப் பார்த்து, வரிசையாக, இடைவெளி விட்டுத் தட்டினாள். அதையும் நர்ஸம்மா எடுக்கவில்லை.

ஏன் எடுக்கிறார் என்பது ஊருக்குப் பெரிய விசாரமாக இருந்தது. பாழடைந்ததைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்களுக்கு மனதில் ஏதோ கவலை இருக்க வேண்டும் என்று ஊர் முடிவுகட்டியது. விசாரித்தார்கள். கணவர் சீர்காழியில் வேலை, வாராவாரம் வந்து போகிறார். இரண்டு பிள்ளைகளும் நன்றாகப் படிக்கிறார்கள். குறையொன்றும் இல்லை என்று தெரிந்ததும் எல்லோருக்கும் ஏமாற்றம். நானே ஒருநாள் நேராகக் கேட்டுவிட்டேன்.

"நல்லா இருக்குங்க. அதான் எடுக்குறேன். நீங்க பாயசம் குடிக்கிறப்ப யாராவது வந்து உங்களுக்கு என்ன கவலைன்னு கேக்குறாங்களா?"

எனக்கு எரிச்சல்தான் வந்தது.

சத்திரத்துச் சுவரை மட்டும் அவர் ஒரு கணக்கு வைத்து எடுத்தார். ஆற்றில் தண்ணீர் வந்து, எங்கள் வாய்க்காலுக்கு எட்டி, அதிலிருந்து பத்தாம் நாள். சாயங்காலம். அதே மதகு, அதே இடம். கோடை முழுக்கச் சாம்பலாகக் கிடக்கும் சுவருக்கு, வாய்க்காலில் தண்ணீர் ஓட ஆரம்பித்ததும் அடியிலிருந்து ஓதம் ஏறும். ஏற ஏற, உள்ளே இருந்ததெல்லாம் மேலே வரும். முதலில் காவி. அதற்கு மேல், எந்தக் காலத்தில் யார் அடித்ததோ, மங்கலாக ஒரு நீலம். ஈரம் நிற்கும் விளிம்பில் உப்பு வெள்ளையாகப் பூக்கும். விரிசலோரம் பாசி பிடிக்கும். ஒரு வாரத்தில் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து வெறும் ஈரச்சுவராகிவிடும். அந்தப் பத்தாம் நாளைத் தவறவிட்டால் அடுத்த வருடம்தான்.

முதல் படத்தை எனக்குக் காட்டியபோது ஆகாயத்திலிருந்து எடுத்த ஏதோ ஆற்றுப் படம் என்று நினைத்தேன். ஒரு பெரிய கிளை, அதிலிருந்து சின்னச் சின்னதாகப் பிரிந்து, கரையெல்லாம் பச்சை, நடுவில் நீலம். "எந்த ஊரு ஆறு நர்ஸம்மா?" என்று கேட்டேன். "உங்க ஊரு குட்டிச்செவுரு" என்றார். முப்பது வருடமாக அந்தச் சுவரைத் தாண்டித்தான் போய்வருகிறேன். ஒரு நாளும் அதைப் பார்த்ததில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. வெளியூரிலிருந்து வந்த ஒருவர் என் ஊரை எனக்குக் காட்டுகிறாரே என்று கொஞ்சம் கோபம்கூட. ஆனாலும் எனக்கு அனுப்பிவையுங்கள் என்று கேட்டு வாங்கினேன். அதன்பின் வருடா வருடம், கேட்காமலே, பத்தாம் நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் என் போனுக்கு அந்தப் படம் வந்துவிடும். நான் அதற்காகக் காத்திருக்க ஆரம்பித்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி என் லட்சணம்.

எங்கள் ஊரில் அறுவடையானால் நெல்லைத் தார்ச்சாலையில்தான் காயப்போடுவோம். மழை வந்தால் நனையும், லாரி வந்தால் அரையும். உலர்களம் வேண்டும் என்று ஊர் கேட்டது நியாயமான கேட்பு. ஒன்றியத்தில் பணமும் ஒதுக்கினார்கள். இடம்தான் வேண்டும். சத்திரத்துக்கு வடக்கே நல்ல புறம்போக்கு நிலம் ஒன்று கிடந்தது. ஆனால் அதில் ஊராட்சித் தலைவரின் மச்சினர் பல வருடமாக வாழை போட்டிருந்தார். ஆகவே அந்த இடம் ஒருவர் கண்ணுக்கும் தெரியவில்லை. சத்திரத்தை இடித்துவிட்டுக் களம் போடலாம் என்றார் தலைவர். நிற்கிற சுவரை ஏன் இடிக்கிறீர்கள் என்று மேலே கேட்பார்களே என்றேன்.

"ஆபத்தா இருக்குன்னு எழுதிடுங்க கிளார்க். அவ்வளவுதானே?"

எழுதினேன். 'எந்நேரமும் இடிந்து விழுந்து உயிர்ச்சேதம் ஏற்படும் நிலையில் உள்ளது.' இந்த மாதிரி வரிகள் எனக்குப் பழக்கம்.

அதோடு ஒரு படம் இணைத்துக் கணினியில் ஏற்ற வேண்டும். உச்சிவெயிலில் போய் நாலு படம் எடுத்தேன். நாலிலும் சுவர் எருமை மாதிரி அசையாமல் நின்றது. அதைப் பார்த்து யாரும் ஆபத்து என்று சொல்ல மாட்டார்கள். அப்போதுதான் நர்ஸம்மா அனுப்பியது நினைவுக்கு வந்தது. சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு உதிர்வும் பள்ளமாக, விரிசல் கன்னங்கரேலென்று, ஓதம் பாதிச் சுவருக்கு ஏறி. அதை எடுத்து ஏற்றிவிட்டேன். ஒன்றியத்து ஓவர்சியர் மறுநாளே போன் செய்தார். "இவ்வளவு மோசமாவாய்யா இருக்கு? சீக்கிரம் இடிங்க." நல்லா இருக்கு என்று நர்ஸம்மா எடுத்த படமே சுவருக்கு எதிராகச் சாட்சி சொன்னது. சொல்ல வைத்தவன் நான்.

குடியரசு தினத்தன்று கிராம சபை. டெங்கு பற்றிப் பேச நர்ஸம்மாவும் வந்திருந்தார். அறிவிப்புப் பலகையில் களத்துக்கான மதிப்பீட்டை ஒட்டியிருந்தேன், படத்தோடு. கறுப்பு வெள்ளையில் மங்கலாகத்தான் அச்சாகியிருந்தது. அவருக்கு அது போதும். தாளைக் கிழித்துக்கொண்டு நேராக என் மேசைக்கு வந்தார்.

"இந்தப் படத்த யாரு எடுத்தது கிளார்க் சார்?"

நான் தலைவரைப் பார்த்தேன். தலைவர் என்னைப் பார்த்தார்.

"நீங்கதான்..."

"கீழ இந்த வரிய யாரு எழுதினது?"

அதற்கும் பதில் எல்லோருக்கும் தெரியும். அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை.

"நெல்லு நனையுறது எனக்கும் தெரியும். களம் வேணும், நான் வேணாங்கல. இடம் வேணும்னா இடம் வேணும்னு எழுதுங்க. அப்புறம் எந்த இடம்னு ஊரே உக்காந்து பேசுங்க. இடியப் போவுதுன்னு செவுரு மேல பழி போடாதீங்க."

"நர்ஸம்மா, உங்க வேலை ஊசி போடுறது. செவுத்துக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் தலைவர்.

"ஆறு வருஷப் பழக்கம்."

கூட்டம் சிரித்தது. அவர் போனைத் திறந்து ஆறு வருடப் படங்களையும் காட்டினார். ஒரே இடத்தில் நின்று எடுத்தவை. "விரிசலோரம் இந்த ஒடஞ்ச செங்கல்லப் பாருங்க. ஆறு படத்துலயும் அதே எடத்துல இருக்கு. ஒரு நூல் அளவு வெலகல. ரெண்டு புயல் பாத்த செவுரு இது. நீங்க கட்டின அங்கன்வாடிக்கு வயசு மூணு. போன வாரம் மேல்பூச்சு பாதி கொட்டிப் போச்சு. அத ஆபத்துன்னு எழுதினீங்களா?"

போன் கைக்குக் கை போனது. நாலாவது வரிசையில் ஒருவர் விரலால் தள்ளித் தள்ளி வேறு படங்களுக்குப் போய், "ஏ, இது எங்க கொல்லச் செவுருடா! எவ்வளவு ஜோரா இருக்கு பாரு!" என்று கத்தினார். எல்லோரும் அவரவர் வீட்டுச் சுவரைத் தேட ஆரம்பித்தார்கள். தலைவர் கடுகடுத்த முகத்தோடு என்னிடம் திரும்பி, "தீர்மானத்த எழுதுங்க" என்றார். எழுதினேன். ஒருவர் மறுத்தார் என்றுகூட எழுதவில்லை. நர்ஸம்மா கிழித்த தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, டெங்கு பற்றிப் பேச வேண்டியதைப் பத்து நிமிடம் பேசிவிட்டுத்தான் போனார்.

பிறகு அவருக்கு மேலிடத்திலிருந்து போன் வந்தது என்று கேள்விப்பட்டேன். ஊர் விவகாரத்தில் தலையிட்டால் மாற்றிவிடுவோம் என்றார்களாம். "மாத்துங்க. எங்க போனாலும் அங்கயும் நாலு செவுரு இருக்கும்" என்றாராம்.

எனக்குத் தூக்கம் கெட்டது. பாவத்துக்குப் பரிகாரம்போல ஒரு யோசனையைத் தூக்கிக்கொண்டு துணை நிலையத்துக்குப் போனேன்.

"நர்ஸம்மா, ஒரு வழி இருக்கு. விரிசல் பக்கத்துல மஞ்சள் தடவி, குங்குமம் வெச்சு, ரெண்டு எலுமிச்சம்பழம் குத்தின ஒரு சூலத்த நட்டுட்டா போதும். அம்மன் தெரியுதுன்னு நானே சொல்லிடுறேன். எந்த ஜேசிபிக்காரனும் கிட்ட வரமாட்டான். தலைவரே வந்து கும்புடுவாரு."

அவர் தடுப்பூசி அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

"நீங்க ஒரு பொய்ய எழுதி இடிக்கப் பாத்தீங்க. இப்ப இன்னொரு பொய்யச் சொல்லிக் காப்பாத்துங்கிறீங்க. அது செவுரு. சாமி இல்ல, பேய் இல்ல, ஆபத்தும் இல்ல. வெறும் செவுரு. அப்படியே நிக்கிறதுக்கு அதுக்கு யோக்கியத இல்லையா?"

அடுக்கிய அட்டைகளைக் கலைத்து, மறுபடி முதலிலிருந்து அடுக்க ஆரம்பித்தார்.

இடிக்க ஒரு புதன்கிழமை குறித்தார்கள். புதன்கிழமை தடுப்பூசி நாள். அங்கன்வாடி மேல்பூச்சு கொட்டிப் பூட்டிக் கிடந்ததால் நர்ஸம்மா முகாமைச் சத்திரத்துக்கு எதிரே புங்கமரத்தடியில் போட்டிருந்தார். வேண்டுமென்றேதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஊசி போட்ட குழந்தையை அரைமணி நேரம் வைத்திருந்து, ஒன்றும் இல்லை என்று பார்த்த பிறகுதான் அனுப்புவார்கள். மரத்து நிழல் எல்லோருக்கும் போதவில்லை. காலை வேளையில் சுவரின் நிழல் மேற்கே நீளமாக விழும். தாய்மார்கள் ஒவ்வொருவராகப் போய் அந்த நிழலில் துண்டு விரித்து, சுவரில் முதுகைச் சாய்த்து, பிள்ளைகளை மடியில் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். நர்ஸம்மா தன் நாற்காலியை விரிசலுக்கு நேர் கீழே போட்டு அட்டை எழுதிக்கொண்டிருந்தார்.

ஜேசிபி வந்து நின்றது. பின்னால் தலைவர், ஓவர்சியர், நான்.

"எந்திரிங்க எல்லாரும்! செவுரு விழுந்தா யாரு பொறுப்பு?" என்று கத்தினார் தலைவர்.

"அரைமணி நேரம் ஆவணும். அதுக்கு முன்னாடி யாரையும் அனுப்ப மாட்டேன்" என்றார் நர்ஸம்மா, எழுதுவதை நிறுத்தாமல்.

ஓவர்சியர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பக்கத்தில் போய் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். "இதுக்கு யாருய்யா ரிப்போர்ட் எழுதினது?" என்றார்.

நான் தலைவருக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். அப்போது சுவரோரத்திலிருந்து ஒரு குரல். என் மனைவி. எங்கள் பெண்ணுக்கு அன்று ஒன்பது மாத ஊசி. அவசரத்தில் மறந்தே போயிருந்தேன். மடியில் பிள்ளை ஊசி போட்ட கோபத்தில் அழுதுகொண்டிருந்தது.

"என்னங்க, விழும்னு எழுதினது நீங்கதானாமே. விழுமா? நான் எந்திரிச்சிடட்டுமா?"

அவள் என்னைக் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கேட்டாள். நான் எழுந்திரு என்றால் எழுந்திருப்பாள். அவள் எழுந்தால் வரிசையே எழுந்துவிடும். பதினைந்து நிமிடத்தில் சுவர் தரைமட்டம். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள், நர்ஸம்மாவைத் தவிர. என் பிள்ளை அந்தச் சுவருக்கு அடியில் கிடக்கிறது. எனக்கோ நெஞ்சு பதறவே இல்லை. அது எனக்கே தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

"வேணாம். உக்காரு" என்றேன். "விழாது."

தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஓவர்சியர் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். ஜேசிபி ஓட்டுநர் இறங்கி வந்து, தன் பிள்ளைக்கும் சொட்டு மருந்து பாக்கி இருக்கிறது, இங்கே கொடுப்பீர்களா என்று நர்ஸம்மாவிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

ஒரு வருடம் இழுத்தடித்து வாழை இருந்த இடத்தில் களம் வந்தது. பொய் அறிக்கை கொடுத்ததற்கு எனக்கு மெமோ வந்தது. நர்ஸம்மாவை அதற்கு முன்பே, ஆடியில், முத்துப்பேட்டைப் பக்கம் மாற்றிவிட்டார்கள். அவர் கிளம்புவதற்கு முன்பே அந்த வருடமும் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. பத்தாம் நாள் அவர் மதகின் மேல் நின்றதை நான் தூரத்திலிருந்து பார்த்தேன். எனக்குப் படம் வரவில்லை.

எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிட்டோமே, கணக்கு நேராகிவிட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் கிளம்புகிற அன்று ஸ்கூட்டரில் பெட்டியைக் கட்டிக்கொண்டிருக்கும்போது போய் நின்றேன்.

"நம்ம செவுத்தோட படம் ஒண்ணு அனுப்பிட்டுப் போங்க நர்ஸம்மா. ஞாபகத்துக்கு. பழசெல்லாம் போன் மாத்துறப்ப போயிடுச்சு."

கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். கோபமில்லை, சிரிப்புமில்லை.

"ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஒண்ணு இருக்குமே கிளார்க் சார். அத வெச்சுக்குங்க."

இருக்கிறது. எப்போதாவது திறந்து பார்க்கிறேன். அந்த நீலம், அந்தப் பாசி, அந்த உப்பு எல்லாம் அப்படியே இருக்கின்றன. கீழே நான் எழுதிய வரியும் இருக்கிறது. பலமுறை அழிக்கப் பார்த்தேன். ஒருமுறை ஏற்றிவிட்டால் திருத்தவோ நீக்கவோ அதில் வழியில்லை.